எழுதிய வரிசையும் எழுதாத வரிசையும்

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில், திட்டமிட்ட சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலில் கொரோனாவுக்குச் சற்று முன் ஏறத்தாழ 46 லட்சம் பதிவுகள் இருந்தன. 2023 செப்டம்பரில் அவை 77 லட்சத்தைத் தாண்டின. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் கண் முகாமை நம்பியிருப்பவருக்கு இப்படியொரு பட்டியல் இல்லை. 2020 மார்ச்சில் முகாம்கள் நின்றபோது இங்கே எந்த எண்ணும் ஏறவில்லை. கண்புரை முற்றினாலும் பழகிய கை கொழுந்தைத் தடவிப் பார்த்தே கிள்ளிவிடும். பார்வை போவது மேஸ்திரிக்குக்கூடச் சட்டென்று தெரியாது.

தாமதத்தின் காரணங்களும் வேறு. இங்கிலாந்தில் அவசர நோயாளி வந்தால் படுக்கையும் ஆபரேஷன் தியேட்டரும் அவருக்குப் போகும். மூட்டு மாற்றத்துக்கு வந்தவர் அறுவை நடக்காமலே வீடு திரும்புவார். இங்கே கொழுந்து மிகுந்த மாதத்தில் கூலியை விட மனம் வராது, கோவை மருத்துவமனைவரை கூட வர ஆள் கிடைக்காது. பொதுமுடக்கத்தில் இ-பாஸும் சேர்ந்துகொண்டது.

வியப்பு, இரு இடத்து மருந்தும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதில்தான். பெருந்தொற்றுக்குப் பின் இங்கிலாந்து பெரிதும் நம்புவது அறுவை மையங்களை: அவசர நோயாளிகள் நுழையாத தனித் தியேட்டர், ஒரே வகைச் சிகிச்சை, நாளொன்றுக்குப் பல பேர். இங்கிலாந்தின் எப்சமில் எலும்பு சிகிச்சைக்கான இத்தகைய மையம் 2004-லேயே தொடங்கியது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அந்த வழியில் முன்பே நடந்தது. ஒரு மேசையில் அறுவை நடக்க, அடுத்த மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். மருத்துவர் திரும்பினால் போதும். எப்சமை அந்த வழிக்குத் தள்ளியது அவசரப் பிரிவின் நெருக்கடி. மதுரையைத் தள்ளியது பார்வையற்ற ஏழைகளின் பெருக்கம்.

போக்குவரத்தில் இங்குள்ள முறையே மேல் என்பேன். அறுவை மையம் தொலைவில் இருந்தால் போய்ச் சேரும் வழியை இங்கிலாந்து நோயாளியே பெரும்பாலும் தேடிக்கொள்ள வேண்டும். அரவிந்த் முகாமோ ஊருக்கே வருகிறது. தேர்வானவரைப் பேருந்தில் அழைத்துப்போய், சோறு போட்டு, லென்ஸ் வைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறது.

நினைவில் வைப்பதில் இங்கிலாந்துக்காரர்கள் மேல். நெடுநாள் காத்திருப்பவருக்குச் செய்தி அனுப்பி, இன்னும் சிகிச்சை வேண்டுமா என்று கேட்கிறார்கள். பதில் வராத பெயரை நீக்கும் ஆபத்து அதில் உண்டு. ஆனாலும் நீக்க ஒரு பெயர் இருக்கிறது. முகாமுக்கே வராதவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவரைக் கண்டுபிடிக்க யாராவது தோட்டத் தொழிலாளரின் லைன் வீடுகளில் கதவைத் தட்ட வேண்டும்.