எழுதுபலகையும் காத்திருக்கும் செவியும்

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் நாம் விரைந்து கடந்துவிடும் காட்சி ஒன்றுண்டு. பேச்சிழந்த செக்கரியாவின் இல்லத்தில் சுற்றத்தார் கூடிக் குழந்தைக்குத் தந்தையின் பெயரையே சூட்ட முனைகின்றனர். எலிசபெத்தின் மறுப்பு எடுபடவில்லை. செக்கரியா எழுதுபலகை ஒன்றைக் கேட்டுப் பெற்று, யோவான் என்று எழுதிய பின்னரே முடிவு மாறுகிறது. வாய் பேசாதவருக்கும் சொல்ல ஒரு சொல் உண்டு. அதை எழுதப் பலகையும், வாசிக்கக் காத்திருக்கும் சுற்றமும் வேண்டும். அப்பலகையின் பிற்கால வரலாற்றையே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

1897-இல் அன்றைய ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசின் செர்னோவிட்ஸ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் சார்லஸ் பிளிஸ். பல மொழியினர் ஒருவரையொருவர் ஐயுற்று வாழ்ந்த ஊர் அது. வேதிப் பொறியாளரான அவரை 1938-இல் நாட்சிகள் தாகாவ், புக்கன்வால்ட் முகாம்களில் அடைத்தனர். கத்தோலிக்கரான மனைவி கிளேர் அவரது விடுதலைக்காகப் போராடினார். விடுதலை பெற்றுச் சாங்காய் சென்ற பிளிஸ், அங்குக் கண்ட சீன எழுத்துகளால் தூண்டப்பெற்று, ஒலியையன்றிப் பொருளையே காட்டும் குறியீட்டு மொழி ஒன்றைப் படைத்தார். 1949-இல் ஆஸ்திரேலியாவில் அது நூலாக வெளிவந்தது. உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை.

1971-இல் கனடாவின் டொராண்டோ நகரில், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான மையம் ஒன்றின் ஆசிரியை சர்லி மக்நாட்டனும் உடனுழைத்தோரும் அந்நூலைக் கண்டெடுத்தனர். மூளை முடக்குவாதத்தால் பேச இயலாத, இன்னும் எழுத்தறியாத சிறுவர் முன் அக்குறியீடுகளைப் பலகையில் அடுக்கி வைத்தனர். சிறுவர் அவற்றைச் சுட்டிக்காட்டிப் பேசினர். இரண்டை இணைத்துப் புதுப் பொருள் ஆக்கினர். முதலில் அகமகிழ்ந்த பிளிஸ், பின்னர்த் தம் குறியீடுகள் மாற்றப்படுவதாகச் சினந்து மையத்தாரோடு பல்லாண்டு பிணங்கினார். அவர் நாடியது பிழையற்ற உலக மொழி. சிறுவர் நாடியதோ உரையாடல்.

பின்னர்க் கணினி வந்தது. 1985-இல் தொண்டை அறுவையால் குரலிழந்த அறிவியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் கணினிக் குரலில் பேசலானார். 1986-இல் திருத்தந்தையின் அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. அவர் பேசி முடிக்கும்வரை உலகம் காத்திருந்தது. ஆனால் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் பேசி முடிக்க யார் காத்திருப்பார்?

நாம் நிமிடத்திற்கு 150 சொற்கள் வரை பேசுகிறோம். கருவியால் பேசுவோர் பலர் 15 சொற்களைக்கூட எட்டுவதில்லை. அவர் ஒரு வேடிக்கையைச் சொல்லி முடிப்பதற்குள் நண்பர்களின் பேச்சு வேறெங்கோ போய்விடும். இணையம் வாயில் திறந்தது இங்கேதான். அதில் அனுப்பும் செய்தி முழுமையாகவே போய்ச் சேர்கிறது. எழுத இரண்டு நிமிடமாயிற்றா, இருபது நிமிடமாயிற்றா என்பதைப் படிப்பவர் அறியார். சக்கர நாற்காலியைக் காணுமுன் கருத்தைக் காண்கிறார்.

எனினும் கருவியில் சொற்களை நிரப்புவோர் பெரும்பாலும் பெரியவர்களே. ‘பசி’, ‘வலி’ இருக்கும். ‘கோபம்’, ‘மாட்டேன்’, ‘சும்மா சொன்னேன்’ இருப்பதில்லை. பெற்றோர் ஒவ்வொரு செய்தியையும் உடனிருந்து படித்தால் நட்பு துளிர்க்காது. இணையவெளியில் வஞ்சகர் உண்டென்பது மெய்யே; ஆனால் ‘வேண்டாம்’ என்னும் சொல்லைக் கருவியில் வைப்பதும் காவல்தான் அன்றோ?

2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை இத்தகைய மாற்றுத் தொடர்பு வழிகளை ஏற்றது. 2007-இல் இந்தியாவும் அதனை ஏற்றுறுதி செய்தது. சென்னையிலேயே, 1985-இல் தொடங்கிய வித்யா சாகர் நிறுவனத்தின் துணையோடு அஜித் நாராயணன் குழுவினர் ‘ஆவாஸ்’ என்னும் பேச்சுக் கருவியை உருவாக்கினர். பலகைக்கு இனிக் குறைவில்லை.

குறை நம்மிடமே. மேய்ப்பர்களாகிய நாமும் ஒருமுறை, நற்கருணை வேண்டுமா என்று மகனிடம் கேளாமல் தாயிடம் கேட்டோம். மடியிலிருந்த பலகையில் மகனின் விரல் மெல்ல நகர்ந்தது. அதற்குள் நாம் அடுத்தவரிடம் சென்றிருந்தோம். அவர் சொல்ல வந்தது என்னவென்று இன்றும் அறியோம்.

நம் பங்கு இளையோரின் கைப்பேசிக் குழுவில் இத்தகைய ஒருவரின் பெயர் உண்டா? இருந்தால், அவர் மறுமொழி வரும்வரை யாரேனும் காத்திருக்கின்றனரா? செக்கரியாவுக்குப் பலகையை எடுத்துக் கொடுத்தவர் யாரென்று லூக்கா குறிப்பிடவில்லை. பெயர் அறியப்படாத அந்த உறவினராக இருப்பதே நமக்குரிய பணி.