எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா? தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மாசி மாதக் காமன் பண்டிகையின்போது விடிய விடியப் பாடப்பட்ட வாதம் இது. சிவனின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் அனுப்பிய மன்மதன் நெற்றிக்கண் தீயில் சாம்பலாகிறான். ரதி அழுகிறாள். இரங்கிய சிவன் அவனை எழுப்பித் தருகிறார். ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணமும் இந்த முடிவையே சொல்கிறது. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த முடிவை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் வழக்கு.

மராத்தியர் தஞ்சையை ஆண்ட காலத்தில் (1676–1855) அங்கே ஊன்றிய லாவணி என்ற பாட்டு வடிவம் இந்த வழக்கைத் தனதாக்கிக்கொண்டது. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு அணிகள் எதிரெதிரே உட்காரும். டேப் என்ற தோல் கருவியைத் தட்டி ஒரு கட்சி கேள்வி போடும். மறு கட்சி பாட்டாலேயே பதில் சொல்லி, எதிர்க்கேள்வியும் போட வேண்டும். எரிந்தது பொய்யானால் ரதி ஏன் அழுதாள் என்பது ஒரு பக்கத்தின் பலம். எரிந்தது மெய்யானால் உலகில் இன்னும் காதல் எப்படி இருக்கிறது என்பது மறுபக்கத்தின் பலம். வெறும் குரல் வளம் போதாது. புராணத்தில் எங்கே என்ன இருக்கிறது என்பதைக் கையில் வைத்திருப்பவரே நின்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது இந்தக் கதை கடல் தாண்டியது. மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் வடக்குக் காடுகளின் ஊடாக நடந்து மாத்தளைக்கு வந்து, அங்கிருந்தே மலைநாட்டின் மற்றப் பகுதிகளுக்குப் பிரிந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்கள் பலர். கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல்தான். மாத்தளைதான் அந்தக் கால்நடைப் பயணத்தின் முதல் மலைநாட்டு வாசல். அந்தப் பயணத்தில் காமன் கதையும் கூடவே வந்தது.

மலையகத்தில் அது முதன்மையாகக் கூத்தாக நிலைத்தது. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றோடு மலையகத் தமிழரின் மூன்று பெரும் கூத்துகளில் ஒன்றாகக் காமன் கூத்து எண்ணப்படுகிறது. மாசி அமாவாசைக்குப் பிறகு கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமி வரை ஆட்டம் நீளும். ரதியும் மதனும் வேடமிட்டுத் தப்பு அடிக்கு ஆடுவார்கள். கெட்ட கனவு கண்டேன், போகவேண்டாம் என்று ரதி தடுப்பாள்; தேவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று மதன் மறுப்பான். கடைசி இரவில் வைக்கோல் சுற்றிய கம்பம் தீப்பற்றும். பிறகு ரதியின் ஒப்பாரி, அதன் பிறகு உயிர் எழுப்பும் சடங்கு. பகலெல்லாம் மலையில் வேலை செய்த மக்கள் இரவு முழுவதும் நின்று பார்த்தது முடிவு தெரிந்த கதையை. தெரிந்த முடிவு அவர்களைச் சலிக்கச் செய்யவில்லை. ரதியின் எச்சரிக்கையைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை அந்தக் கூத்து ஒவ்வொரு வருடமும் புதிதாக எழுப்பியது.

முடிவு தெரிந்த கதையைப் பார்க்கும் இந்தப் பழக்கத்தைச் சினிமா வேறு திசைக்குத் திருப்பியது. முடிவு இரகசியமானது. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் பாடல்களோடு கதைச்சுருக்கமும் இருக்கும். கதாநாயகி கடத்தப்பட்ட இடத்திலோ, நாயகன் மேல் கொலைப்பழி விழுந்த இடத்திலோ சுருக்கம் நின்றுவிடும். மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று கீழே ஒரு வரி. சில காசு விலையுள்ள அந்தத் தாள்தான் தமிழ் ரசிகருக்கு முடிவை மறைத்து வைக்கும் வழக்கத்தைப் பழக்கியது. இலங்கையில் இதே வேலையை வானொலியும் செய்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் ஒலிபரப்பில் கே.எஸ்.ராஜா தொகுத்த திரைவிருந்து, படத்தின் வசனத் துண்டுகளையும் பாட்டையும் கலந்து கொடுத்து, முக்கியமான இடத்தில் நிறுத்தும். படம் பார்க்குமுன்பே அதன் குரல்கள் காதில் ஏறியிருக்கும். முடிவு மட்டும் வராது.

முடிவு தெரிந்தபின் எழுந்த வழக்குகளில் மிகப் பெரியது, நாயகன் சாகலாமா என்பது. மதுரை வீரன் (1956) படத்தில் எம்.ஜி.ஆர். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறக்கிறார். படம் பெரும் வெற்றி பெற்றது. காரணம் தெளிவு: அந்த வீரன் ஏற்கெனவே குலதெய்வம்; படமும் அவனை வானுலகுக்கு ஏற்றியே முடிக்கிறது. ஆறு வருடம் கழித்து டி.ஆர்.ராமண்ணா இயக்கிய பாசம் (1962) படத்தின் முடிவிலும் எம்.ஜி.ஆர். இறந்தார். அங்கே தெய்வமும் இல்லை, வானுலகமும் இல்லை. ரசிகர்கள் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே அதே ராமண்ணா பெரிய இடத்துப் பெண் எடுத்து அவர்களைத் திரும்பப் பெற்றார். நாவலப்பிட்டியில் பிறந்து, 1965இல் சரோஜாதேவியோடு இலங்கைக்கு வந்தபோது கூட்டம் அலைமோத வரவேற்கப்பட்ட நாயகன் அவர். அவர் திரையில் சாவதை இங்குள்ள ரசிகரும் விரும்பவில்லை. சிவாஜி ரசிகரின் நிலை வேறு. வீரபாண்டிய கட்டபொம்மன் (1959), பாசமலர் (1961), கர்ணன் (1964) ஆகிய மூன்றிலும் அவர் இறந்தார். அந்தச் சாவுகளே நடிப்பின் சிகரமாகப் பேசப்பட்டன. ஒரே மரணக் காட்சியை ஒரு தரப்பு துரோகமாகவும் மறு தரப்பு சாதனையாகவும் பார்த்தது என்றால், வழக்கு கதையைப் பற்றியது மட்டுமல்ல. நாயகன் யாருக்கு என்ன என்பதைப் பற்றியது.

நாயகன் சாகக்கூடாது என்ற இந்த நிர்ப்பந்தம் கதைகளையே மாற்றியது. கர்ணன் கதையை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்த மணிரத்னத்தின் தளபதி (1991) படத்தில் கர்ணனுக்கு நிகரான ரஜினிகாந்த் பிழைக்கிறார். துரியோதனனுக்கு நிகரான மம்மூட்டி இறக்கிறார். மலையாளத்தில் இன்னும் ஒரு படி போனார்கள். ஃபாசில் இயக்கிய ஹரிகிருஷ்ணன்ஸ் (1998) இரண்டு முடிவுகளோடு வெளியானது: ஒரு பிரதியில் நாயகி மோகன்லாலுக்கு, இன்னொன்றில் மம்மூட்டிக்கு. எரிந்த கட்சிக்கும் எரியாத கட்சிக்கும் தனித்தனிப் படச்சுருள் கிடைத்தது போலத்தான்.

இலங்கையில் வழக்காடும் நேரமும் தனியாக இருந்தது. 1970களில் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியைக் கையில் எடுத்தபின் இந்தியப் படங்கள் குறைவாகவும் தாமதமாகவும் வந்தன. 1983 யூலை வன்முறையில் தியேட்டர்கள் எரிந்தன. ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் டெக் என்ற வீடியோ நாடாக் கருவி. தொலைக்காட்சி இலங்கைக்கு 1979இல் வந்தது, ரூபவாஹினி 1982இல். அதன் பிறகு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, நாலைந்து படக் கொப்பிகளை ஒரே இரவில் ஓடவிடுவது தோட்டத்து லயத்திலும் ஊரிலும் வழக்கமானது. இதன் விளைவு இதுவரை போதிய அளவு கவனிக்கப்படவில்லை. தியேட்டரில் படம் ஒரு முறை ஓடி முடிந்துவிடும். அதன் பிறகு வழக்குக்குச் சாட்சி ஞாபகம் மட்டுமே. டெக்கில் நாடாவைப் பின்னோக்கி ஓட்டலாம். கத்தி யார் கையில் இருந்தது, கடிதம் எப்போது கிழிந்தது என்று நிறுத்திப் பார்க்கலாம். கதையின் காலத்தைப் பார்ப்பவரே பின்னுக்கு இழுக்க முடிந்த முதல் தலைமுறை அது.

காலத்தைப் பின்னுக்கு இழுக்கும் கதைகள் தென்னிந்தியத் திரைக்கு வந்ததும் ஏறத்தாழ இதே காலத்தில். சிங்கீதம் சீனிவாசராவின் தெலுங்குப் படமான ஆதித்யா 369 (1991), எச்.ஜி.வெல்ஸின் நாவலிலிருந்து தூண்டுதல் பெற்று, நாயகனைக் கிருஷ்ணதேவராயரின் விஜயநகரத்துக்கும் 2504ஆம் ஆண்டுக்கும் அனுப்பியது. அபூர்வ சக்தி 369 என்று தமிழில் ஒலிமாற்றி வந்தது. 12பி (2001) காலயந்திரம் இல்லாமலே ஒரு பேருந்தைப் பிடித்தவனின் வாழ்க்கையையும் தவறவிட்டவனின் வாழ்க்கையையும் பக்கம் பக்கமாக ஓட்டியது. முழுமையான காலப்பயணக் கதை என்றால் ஆர்.ரவிக்குமாரின் இன்று நேற்று நாளை (2015). 2065இலிருந்து அனுப்பப்பட்ட யந்திரம் இரண்டு நண்பர்கள் கையில் சிக்குகிறது. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். ஒரு பயணத்தில் அவர்கள் செய்த சிறு குளறுபடியால், செத்திருக்க வேண்டிய ரௌடி ஒருவன் பிழைத்துவிடுகிறான். நிகழ்காலம் முழுவதும் மாறிப்போகிறது. அடுத்த ஆண்டு விக்ரம் குமாரின் 24, காலத்தை நிறுத்தவும் பின்னோட்டவும் கூடிய கைக்கடிகாரத்தைச் சூர்யாவின் கையில் கட்டியது. இவை பெரும்பாலும் ஒரே விதியைப் பின்பற்றின: காலம் ஒரே தடம். நேற்றைத் தொட்டால் இன்று மாறும்.

2019 ஏப்ரல் 26இல் வெளியான ஹாலிவுட் படமான அவெஞ்சர்ஸ்: என்ட்கேம் அந்த விதியைப் பகிரங்கமாக மறுத்தது. தமிழ்ப் பதிப்புக்கு ஏ.ஆர்.முருகதாஸ் வசனம் எழுதினார். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள். பழகிய குரல் போய் விஜய் சேதுபதியின் குரல் வந்தது பொருந்துமா என்பது தமிழ் ரசிகரின் முதல் வழக்கு. படம் வரும் முன்பே இயக்குநர்களான ரூசோ சகோதரர்கள் முடிவை வெளியிட வேண்டாம் என்று ரசிகர்களிடம் கடிதமாகவே கேட்டுக்கொண்டார்கள். இலங்கை அந்த வாரம் வேறு துயரத்தில் இருந்தது. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இரவுகளில் ஊரடங்கு, முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டிருந்தன. உலகம் முழுவதும் முடிவைப் பற்றிப் பேசிய நாட்களில் இங்கே பேச இடமும் இல்லை, மனமும் இல்லை.

பின்னர் சூடுபிடித்த, முடிவைப் பற்றிய வழக்கின் மையம் இது. வில்லன் தானோஸ் அழித்த பாதி உயிர்களை மீட்க, நாயகர்கள் 2012, 2013, 2014, 1970 ஆகிய ஆண்டுகளுக்குப் போய் ஆறு கற்களை எடுத்துவருகிறார்கள். கடந்த காலத்தை மாற்றினால் உன் நிகழ்காலம் மாறாது என்று புரூஸ் பானர் விளக்குகிறார். நீ விட்டு வந்த நிகழ்காலமே உனக்குக் கடந்த காலம். கல் நீங்கிய இடத்தில் காலம் வேறு கிளையாகப் பிரியும் என்கிறாள் பண்டைய குரு. இந்த விதியைப் படம் ஒரு காட்சியில் கச்சிதமாகச் சோதிக்கிறது: 2014இலிருந்து வந்த, தானோஸின் வளர்ப்பு மகள் நெபியூலாவை 2023இன் நெபியூலா சுட்டுக்கொல்கிறாள். இளையவள் செத்தும் மூத்தவள் மறையவில்லை. ஒரே தட விதி என்றால் அவள் அந்தக் கணமே இல்லாமல் போயிருக்க வேண்டும்.

கற்களைத் திருப்பி வைக்கப் போன கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரோஜர்ஸ் திரும்பி வரவேண்டிய மேடையில் தோன்றவில்லை. கிழவனாக, ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பழைய காதலி பெகி கார்ட்டரோடு ஒரு வாழ்நாள் வாழ்ந்துவிட்டார். எங்கே வாழ்ந்தார்? வேறொரு காலக்கிளையில் என்றார்கள் ரூசோ சகோதரர்கள். இதே உலகின் கடந்த காலத்தில் என்றார்கள் திரைக்கதை எழுதிய கிறிஸ்தோபர் மார்க்கஸும் ஸ்டீபன் மெக்ஃபீலியும். படைத்தவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்தபின் ரசிகர்கள் பிரிவதில் வியப்பில்லை. எழுத்தாளர் கட்சிக்கு ஒரு நல்ல ஆதாரம் உண்டு: முந்தைய படங்கள் பெகியின் கணவரின் முகத்தைக் காட்டவே இல்லை. இயக்குநர் கட்சியின் பதில் அதைவிடக் கனமானது. நண்பன் பக்கி பல பத்தாண்டுகள் எதிரிகளிடம் சித்திரவதைப்பட்டதைத் தெரிந்துகொண்டு, ஸ்டீவ் பக்கத்துத் தெருவில் சும்மா குடும்பம் நடத்தினாரா? அவர் குணத்துக்கு அது பொருந்தாது. நெபியூலா காட்சியின் விதிப்படியும் அவர் வேறு கிளையில்தான் வாழ்ந்திருக்க முடியும். ஆனால் கிளையிலிருந்து மேடைக்கு வராமல் பெஞ்சுக்கு எப்படி வந்தார் என்பதற்குப் படத்துக்குள் விடை கிடையாது. 2012இல் தப்பி ஓடிய லோகி என்ன ஆனான் என்பதற்கு மட்டும் 2021இல் தனித் தொடரே வந்தது.

என்ட்கேமுக்குப் பின் வந்த தமிழ்ப் படங்கள் ரசிகரின் குறுக்கு விசாரணையை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை. வெங்கட் பிரபுவின் மாநாடு (2021) ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் கதை. சிலம்பரசன் சாகும்போதெல்லாம் விமானத்தில் விழித்துக்கொள்கிறார். வில்லன் எஸ்.ஜே.சூர்யாவுக்கும் ஏன் அது நடக்கிறது என்ற கேள்விக்கு, இரத்தம் கலந்ததைக் காரணமாகக் காட்டுகிறது. பாசம் காலத்து ரசிகர் ஏற்காத நாயகனின் சாவு இங்கே கதையை நகர்த்தும் விசையாகிவிட்டது. ஒரே படத்தில் பலமுறை செத்த நாயகனைக் கொண்டாடினார்கள். ஆதிக் ரவிச்சந்திரனின் மார்க் ஆண்டனி (2023), கடந்த காலத்தோடு பேசும் தொலைபேசியை வைத்து ஒரே தட விதிக்கே திரும்பியது. வேகம் அதிகம், கணக்கு தளர்வு. தமிழில் காலப்பயணப் படங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குவோர் இன்று நேற்று நாளையில் ஆரம்பித்து மாநாட்டுக்கு வருவது நல்லது. கேள்வி கேட்டுப் பார்த்தாலும் தாங்கும் படங்கள் அவை இரண்டுமே.