கூலி: ஊதியம் ஆளான கதை

ஆங்கில அகராதியில் ‘கூலி’ என்றொரு சொல் உண்டு. சுமை தூக்குவோன், கீழைநாட்டுத் தொழிலாளி என்பன அதன் பொருள். இன்று அதனை வசைச்சொல் என்றும் குறிப்பர். தமிழிலோ கூலி என்பது முதற்கண் ஆளைக் குறித்ததன்று. உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறித்தது. செய்கூலி, தையற்கூலி, வண்டிக்கூலி என்னும் வழக்குகளை நோக்குக. ஆளைச் சுட்டக் கூலியாள், கூலிக்காரன் என்றனர். ஆள்வினையுடைமை அதிகாரத்தில், முயற்சியுடையான் தன் மெய்வருத்தத்தால் பெறும் பயனை வள்ளுவர் கூலி என்றே சுட்டினார். அங்கே இழிவின் சாயலும் இல்லை.

இச்சொல் ஆங்கிலம் புக்க வழி எது? யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆப்சன் ஜாப்சன்’ என்னும் அகராதி, குசராத்துப் பகுதியில் வாழும் ‘கோலி’ என்னும் இனத்தாரின் பெயரை மூலமாகக் காட்டுகிறது. தமிழ், கன்னடச் சொல்லாகிய கூலியும் அதனோடு கலந்திருக்கலாம் என்கிறது. வேர் இரண்டாயினும், தென்னாட்டுத் துறைமுகங்களில் இரண்டும் ஒன்றாயின என்று கொள்ளுதல் பொருந்தும்.

சொல் கப்பலேறிற்று. சீனர் ஒலியொப்புமை கருதி அதனைத் ‘துன்பம்’, ‘வலிமை’ என்னும் பொருளுடைய ஈரெழுத்துகளால் எழுதினர். மலாயில் அது ‘குலி’ ஆயிற்று. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளையும் ‘கூலி பாரிஸ்டர்’ என்றனர். சட்டம் கற்றவருக்கும் விலக்கில்லை. தொழிலின் பெயர் இனத்தின் பெயராயிற்று.

பகாவ் வட்டார ரப்பர்த் தோட்டங்களுக்கும் இவ்வரலாறு அயலன்று. மலாயாவில் ஒப்பந்த ஆட்சேர்ப்பு 1910இல் நின்றது. கங்காணி வழி வருகையை இந்திய அரசு 1938இல் தடுத்தது. அதுவரை வந்தோர் துரைமாரின் ஏடுகளில் ‘கூலிகள்’. அவர்தம் குடியிருப்பு ‘கூலி லைன்’. அந்த லைனைத் தமிழர் ‘லயம்’ ஆக்கிக் கொண்டனர். ஆங்கிலம் தமிழரிடமிருந்து ஊதியத்தின் பெயரை எடுத்து ஆளுக்கு இட்டது. தமிழரோ ஆங்கிலத்திலிருந்து வரிசையின் பெயரை எடுத்து வீட்டுக்கு இட்டனர்.

ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆவதை ஆகுபெயர் என்போம். இலக்கணத்தில் அது குற்றமன்று. ஆயின் கூலி என்னும் பெயர் ஆளுக்கானபோது, கொடுக்க வேண்டிய கூலி கண்ணுக்கு மறைந்தது. வாங்க வேண்டியவன் தாழ்ந்தான். தாத்தாவை அச்சொல்லால் அழைத்ததைக் கேட்டு நாணும் பேரனுக்கு அதன் முதற்பொருளை ஆசிரியர் உணர்த்தல் வேண்டும். இன்று அத்தோட்டங்களில் உழைக்க வரும் இந்தோனேசியரையும் வங்காளதேசத்தாரையும் நோக்கி அச்சொல்லை அவன் வீசாதிருக்கவும் அதுவே வழி. கூலி இழிவன்று, உழைத்தவன் தலைநிமிர்ந்து கேட்கும் உரிமை.