‘கோழி முட்டை போடுது’ - இதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்வீங்க? வீட்டு நாய், ஆடு, கோழியை வைத்தே ஆங்கிலம் பேசப் பழகுவது எப்படி?

பன்னிரண்டு வருஷம் பள்ளியில் ஆங்கிலம் படித்திருப்பார்கள். பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கியிருப்பார்கள். ஆனால் திருச்செந்தூர் கடற்கரையில் ஒரு வெளிநாட்டுப் பயணி வந்து, அங்கே நிற்கும் மயிலைக் காட்டி ஏதாவது கேட்டால், பதில் தொண்டையிலேயே நின்றுவிடும். தெரியாததால் அல்ல, தப்பாகிவிடுமோ என்ற பயத்தால்.

இந்தப் பயத்தைத் தாண்ட, மொழி கற்பிக்கும் ஆசிரியர்கள் பல நாடுகளில் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் நாய், பூனை, ஆடு, கோழி பற்றிப் பேசுவதுதான் அது. கேட்க விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் பேச்சு ஆங்கிலத்துக்குத் தேவையான பாதி இலக்கணம் இதற்குள்ளேயே இருக்கிறது. எப்படி என்று பார்க்கலாம்.

ஏன் பிராணிகள்?

‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று கேட்டால் கூச்சம் வருகிறது. ‘உங்க வீட்டு நாயைப் பற்றிச் சொல்’ என்றால் எந்தப் பிள்ளைக்கும் வாய் தானாகத் திறக்கும். அது என்ன சாப்பிடும், யாரைப் பார்த்தால் குரைக்கும், மழை நாளில் எங்கே ஒளியும் என்று சொல்ல ஆயிரம் விஷயம் இருக்கும். சொல்ல விஷயம் இருக்கும்போது மொழி பின்னாலேயே வரும்.

அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களில் இதைத்தான் வேறு விதமாக விளக்கினார். பயமும் பதற்றமும் இருக்கும்போது மனதுக்குள் ஒரு வடிகட்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. காதில் விழும் புது மொழி உள்ளே போவதில்லை என்பது அவர் கருத்து. அந்த வடிகட்டியைத் தாழ்த்துவதுதான் ஆசிரியரின் முதல் வேலை.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999இல் தொடங்கிய ஒரு திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. வாசிக்கத் தடுமாறும் குழந்தைகளைப் பயிற்சி பெற்ற நாய்களின் பக்கத்தில் உட்கார வைத்து, நாய்க்குக் கதை வாசிக்கச் சொன்னார்கள். நாய் குறுக்கே பேசாது, தப்பைத் திருத்தாது, சிரிக்காது. பிறகு பல நாடுகளின் நூலகங்களும் இதைப் பின்பற்றின. நம்ம ஊரில் இதற்குத் தனியாகத் திட்டம் எதுவும் வேண்டாம். திண்ணையில் படுத்திருக்கும் நாயே போதும்.

எல்லாத்தையும் ‘போடும்’ தமிழ்

தமிழில் கோழி முட்டை ‘போடும்’. நாய் குட்டி ‘போடும்’. மாடு சாணி ‘போடும்’. நாம் கோழிக்குத் தீனி ‘போடுவோம்’. ஒரே சொல்லை வைத்துச் சமாளித்துவிடுகிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போனால் ‘ஹென் புட் எக்’ என்று வந்து நிற்கும். கேட்பவருக்கு, கோழி ஒரு முட்டையைத் தூக்கி எங்கேயோ வைத்தது போலத்தான் இருக்கும்.

ஆங்கிலத்தில் கோழி முட்டையிடுவதற்குத் தனிச் சொல் உண்டு: ‘லே’. தினமும் இடுகிறது என்றால் ‘மை ஹென் லேஸ் அன் எக் எவ்ரி டே’. நேற்று இட்டது என்றால் ‘மை ஹென் லெய்ட் அன் எக் யெஸ்டர்டே’. நாய் குட்டி போட்டதற்கு ‘அவர் டாக் ஹேட் ஃபோர் பப்பீஸ்’ என்றால் போதும். தீனி போடுவது ‘ஃபீட்’. நேற்று போட்டாச்சு என்றால் ‘ஃபெட்’: ‘ஐ ஃபெட் தி ஹென்ஸ்’.

கவனித்தீர்களா? இரண்டு கோழியை வைத்து நிகழ்காலம், இறந்தகாலம் இரண்டும் வந்துவிட்டது. ‘எட்’ சேராமல் உருமாறும் வினைச்சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்த காலம் நினைவிருக்கும். பட்டியல் மறந்துபோகும். சொந்தக் கோழி மறக்காது.

இதற்கு நேர் எதிராக, தமிழ் நுட்பமாக இருக்கும் இடங்களும் உண்டு. நாய் கடிக்கும், தேள் கொட்டும், கோழி கொத்தும், பூனை பிறாண்டும், மாடு முட்டும். ஆங்கிலத்திலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல்தான்: ‘பைட்’, ‘ஸ்டிங்’, ‘பெக்’, ‘ஸ்க்ராட்ச்’, ‘பட்’. தமிழில் எங்கே வேறுபாடு பார்க்கிறோமோ அங்கே ஆங்கிலமும் பார்க்கிறது என்பதால் இது எளிதில் மனதில் தங்கும்.

‘மை டாக் இஸ் ஹேவிங்’ - எங்கே தப்பு?

நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். ‘மை டாக் இஸ் ஹேவிங் ஃபோர் லெக்ஸ்’, ‘இட் இஸ் நோயிங் மீ’ என்பார்கள். ‘இருக்கிறது’, ‘தெரிகிறது’ என்பதை அப்படியே கொண்டுபோவதால் வரும் வினை. எப்போதும் இருக்கும் நிலைக்கு ‘இங்’ வேண்டாம். ‘மை டாக் ஹேஸ் எ லாங் டெயில்’, ‘இட் நோஸ் மீ’ என்று நிறுத்திக்கொள்ளலாம். இந்த நொடியில் நடந்துகொண்டிருப்பதற்கு மட்டும்தான் ‘இங்’: ‘தி டாக் இஸ் பார்க்கிங்’, ‘தி கோட் இஸ் ஈட்டிங் மை நோட்புக்’. இரண்டாவது வாக்கியம் ஆடு வளர்க்கும் வீடுகளில் நிஜமாகவே தேவைப்படும்.

அடுத்தது ‘இட்’டா, ‘ஹீ’யா, ‘ஷீ’யா என்ற குழப்பம். தமிழ் இலக்கணப்படி விலங்குகள் அஃறிணை. ‘வந்தது’ என்றுதான் எழுத வேண்டும். ஆனால் வீட்டு நாயை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘மணி வந்துட்டான் பாரு’ என்கிறோம். ஆங்கிலத்திலும் இதே கதைதான். தெருவில் போகும் நாய் ‘இட்’. பெயர் வைத்து வளர்க்கும் நாய் ‘ஹீ’ அல்லது ‘ஷீ’. நம் வீட்டு நாயைப் பிறர் ‘இட்’ என்று சொன்னால் ஆங்கிலேயர் வீட்டில் சிலர் முகம் சுளிப்பதும் உண்டு.

குட்டி, கன்று, குஞ்சு, பிள்ளை

விலங்குகளின் இளமைப் பெயர்களுக்கென்றே தொல்காப்பியத்தின் மரபியலில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆட்டுக்குக் குட்டி, பசுவுக்குக் கன்று, கோழிக்குக் குஞ்சு, அணிலுக்கும் கீரிக்கும் பிள்ளை என்று பழகிய பிள்ளைகளுக்கு ‘பப்பி’, ‘கிட்டன்’, ‘சிக்’, ‘காஃப்’ ஒன்றும் புது விஷயமல்ல. பசுவின் குட்டியையும் யானையின் குட்டியையும் தமிழ் ‘கன்று’ என்கிறது. ஆங்கிலமும் இரண்டையும் ‘காஃப்’ என்றுதான் சொல்கிறது. ஆட்டுக்குட்டிக்கு ‘கிட்’. இன்று குழந்தைகளைக் ‘கிட்ஸ்’ என்று கூப்பிடுகிறார்களே, அது ஆட்டுக்குட்டியிலிருந்து வந்த சொல்தான். இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும், அப்புறம் அந்தச் சொல்லை யாரும் மறக்க மாட்டார்கள்.

ஒலிகளிலும் இதே விளையாட்டு உண்டு. மயில் அகவும், யானை பிளிறும், காகம் கரையும், குதிரை கனைக்கும். ஆங்கிலத்தில் யானை ‘ட்ரம்பெட்’ செய்யும், காகம் ‘கா’ எனும், குதிரை ‘நெய்’ எனும். மயிலுக்கு மட்டும் ஆங்கிலம் கொஞ்சம் கொடுமை செய்கிறது. அது ‘ஸ்க்ரீம்’ செய்கிறதாம். நம்ம சேவல் ‘கொக்கரக்கோ’ என்றால் அவர்கள் சேவல் ‘காக்-அ-டூடுல்-டூ’ என்கிறது.

முருகனின் ஊரில் மயிலும் சேவலும் இல்லாமல் பேச்சு நகராது. ஆண் மயில் ‘பீகாக்’, பெண் மயில் ‘பீஹென்’, பொதுவாகச் சொன்னால் ‘பீஃபவுல்’. சேவலை இந்தியாவில் ‘காக்’ என்றே படித்திருப்போம். அந்தச் சொல்லுக்கு ஒரு கொச்சைப் பொருளும் இருப்பதால் வெளியூரில் ‘ரூஸ்டர்’ என்பது பாதுகாப்பு.

நம்மிடமிருந்து போன சொற்கள்

ஆங்கிலம் முழுக்க அந்நியம் என்ற எண்ணமும் ஒரு தடைதான். உண்மையில் இந்த மண்ணின் சொற்கள் பல அதற்குள் இருக்கின்றன. ‘கேட்டமரான்’ என்பது நம் கட்டுமரம். சங்கை ஆங்கிலேயர்கள் ‘சாங்க்’ என்று எழுதினார்கள். முத்துக்குளித்துறை பற்றிய பழைய ஆங்கில நூல்களில் அந்தச் சொல் நிறைய வரும். பெருச்சாளிக்கு ஆங்கிலப் பெயர் ‘பேண்டிகூட்’. அது தெலுங்கின் பந்திகொக்கு. கீரியின் ‘மங்கூஸ்’ மராத்தியிலிருந்து போனது, சிவிங்கிப்புலியின் ‘சீட்டா’ இந்தியிலிருந்து போனது. யானைப் பாகனுக்கான ‘மஹவுட்’டும் அப்படித்தான்.

மொழிகளுக்கு இடையிலான இந்தப் போக்குவரத்து இந்தக் கடற்கரைக்குப் பழக்கம். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுகீசியரான அண்ட்ரிக் அடிகளார், கையில் இலக்கணப் புத்தகம் ஏதும் இல்லாமல் இங்குள்ள மக்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றார். பிறகு அவரே தமிழுக்கு இலக்கணம் எழுதினார். அவர் தந்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. அவர் போன வழியில்தான் நாம் எதிர்த்திசையில் போகிறோம்.

2016: கடற்கரையில் 80 திமிங்கிலங்கள்

ஆங்கிலம் எப்போது தேவைப்படும் என்பதற்கு இந்தப் பகுதியிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2016 ஜனவரியில் ஆலந்தலை, மணப்பாடு கடற்கரைகளில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்கள் அவற்றைக் கடலுக்குள் இழுத்துவிடப் பாடுபட்டார்கள். சில திரும்பவும் கரைக்கே வந்தன. பல இறந்தன. உலகம் முழுக்கச் செய்தியானது.

அன்று கரையில் நின்ற மீனவர்கள் கண்ணால் பார்த்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. ‘தி வேல்ஸ் வேர் ஸ்ட்ராண்டட்’, ‘வீ புல்ட் தெம் பேக்’, ‘தே கேம் பேக் அகெய்ன்’ என்ற மூன்று சின்ன வாக்கியங்கள் போதும், அந்தச் சாட்சியம் இடையில் ஆள் இல்லாமல் வெளியே போய்ச்சேரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அமைந்தது. பாக் விரிகுடாவில் கடல்பசுவுக்கான பாதுகாப்பகம் 2022இல் அறிவிக்கப்பட்டது. இந்தக் கடலைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. கடலில் தினமும் நிற்கிறவர்களின் பிள்ளைகள் அதைப் படிக்கவும் பதில் சொல்லவும் முடிய வேண்டும்.

சோகமான செய்தியும் பேச்சுக்கு வரும். 2024 நவம்பர் 18ஆம் தேதி திருச்செந்தூர் கோயில் யானை தெய்வானை தாக்கியதில் பாகனும் அவருடைய உறவினரும் உயிரிழந்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் இதைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். ‘அட்டாக்’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்தாமல், ‘வொய் டூ எலிஃபண்ட்ஸ் கெட் ஆங்ரி?’ என்று கேட்க வைத்தால், காரணம் சொல்லும் வாக்கியங்கள், அதாவது ‘பிகாஸ்’, ‘மே பி’ எல்லாம் பழக்கத்துக்கு வரும்.

நாய் கடித்தால் சொல்லத் தெரிய வேண்டும்

இது விளையாட்டு அல்லாத பகுதி. வெளி மாநிலத்திலோ வளைகுடா நாட்டிலோ வேலைக்குப் போன இடத்தில் நாய் கடித்துவிட்டால், டாக்டர் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றுதான். எப்போது கடித்தது? தெரு நாயா, வளர்ப்பு நாயா? அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா? ‘எ ஸ்ட்ரே டாக் பிட் மீ திஸ் மார்னிங்’ என்பது முதல் பதில். ‘ஐ டோன்ட் நோ இஃப் இட் வாஸ் வேக்ஸினேட்டட்’ என்பது இரண்டாவது. ‘பைட்’டின் இறந்தகாலம் ‘பிட்’, ‘பைட்டட்’ அல்ல.

ரேபீஸ் அறிகுறி தோன்றிய பிறகு உயிர் பிழைப்பது மிக மிக அரிது. அதனால் எந்த மொழியில் பேசுவதற்கும் முன்னால், கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடுத்து தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. பிள்ளைகளுக்கு இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லிக்கொடுக்கும்போதே இதையும் சொல்லிக்கொடுப்பது நல்லது.

வீட்டில் எப்படித் தொடங்குவது?

தினம் பத்து நிமிடம் போதும். இரண்டு பேர் வேண்டும்; அக்காவும் தம்பியுமாக இருக்கலாம், அம்மாவும் மகளுமாக இருக்கலாம். ஒருவர் கேட்க, மற்றவர் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். ‘வாட் டஸ் இட் ஈட்?’ ‘வேர் டஸ் இட் ஸ்லீப்?’ ‘வாட் டிட் இட் டூ டுடே?’ என்ற கேள்விகளில் தொடங்கலாம். ஒரு வாரம் கழித்து ‘இஃப்’ வைத்துக் கேளுங்க: ‘வாட் வில் யூ டூ இஃப் இட் ரன்ஸ் அவே?’

பேசும்போது இடையில் திருத்தக் கூடாது. இதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டமான பகுதி. பிள்ளை ‘கோட் ஈட்டட் தி லீஃப்’ என்றால், ‘தப்பு’ என்று நிறுத்தாமல், ‘ஓ, இட் ஏட் தி லீவ்ஸ்? ஹவ் மெனி?’ என்று சரியான வடிவத்திலேயே அடுத்த கேள்வியைக் கேட்டுவிடலாம். காதில் விழுந்தது மெல்ல நாக்குக்கு வரும். சொல் கிடைக்காத இடத்தில் தமிழைக் கலந்து பேசினாலும் பரவாயில்லை. பேச்சு நிற்காமல் இருப்பதுதான் முக்கியம்.

வீட்டில் பிராணி இல்லையா? தென் மாவட்டங்களுக்கு நாய் இனங்களே அடையாளம். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் என்று ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலையே வெளியானது. சிப்பிப்பாறை மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி வேட்டையாடும் வகை, ஆங்கிலத்தில் ‘சைட்ஹவுண்ட்’. அதன் உயரம், நிறம், ஓட்டம் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லி போனில் பதிவு செய்யுங்க. ஒரு மாதம் கழித்து அதே நாயைப் பற்றி மறுபடியும் பேசிப் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் வித்தியாசம் தெரியும்.