வழிச்செலுத்தல் (நடமாடும் கம்பியில்லாப் பிணையங்களில்)

கோபுரமோ கம்பியோ நிலையமோ துணையில்லாமல், அருகருகே உள்ள வானொலிக் கருவிகள் தாமே ஒன்றையொன்று அறிந்து, ஒன்று விடுத்த செய்தியை மற்றொன்று வாங்கிக் கைமாற்றும் அமைப்பு நடமாடும் கம்பியில்லாப் பிணையம் எனப்படும். அதன் ஒவ்வொரு கருவியும் ஒரு கணு. கணுக்கள் ஓயாது இடம் பெயர்வதால், செய்திப் பொதி செல்லவேண்டிய மார்க்கத்தை அவ்வப்போது நிர்ணயிப்பதே வழிச்செலுத்தல்.

போடிநாயக்கனூருக்கு மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளில், பொதியைக் கட்டம் கட்டமாகக் கைமாற்றும் இத்தத்துவம் முன்பே வேறோர் உருவில் காணக் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலைப் பொதிகள் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு ஏறி, ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து சாலைவழியே போடியை அடைந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் ரயில்பாதையை அழித்தபோது, அந்தக் கட்டத்துக்கு வேறு ஏற்பாடு தேட நேர்ந்தது. பிணையத்திலோ, கணுவைச் சுமந்த ஒரு ஜீப் கொண்டை ஊசி வளைவு ஒன்றைக் கடக்கும் நேரத்திற்குள் வழி அறுந்துவிடும்.

1994இல் சார்லஸ் பெர்க்கின்ஸும் பிரவீண் பாக்வத்தும் வகுத்த வழிச்செலுத்தல் முறையில், ஒவ்வொரு கணுவும் எல்லா வழிகளையும் அட்டவணையாக வைத்து, அதை அண்டையாருக்கு இடைவிடாது அறிவிக்கும். பழைய தகவலைத் தள்ளுவதற்கு வரிசை எண் உதவும். அனுப்பச் செய்தியே இல்லாதபோதும் அறிவிப்பு ஓயாமல் மின்கலத்தைத் தின்பது அதன் குறை. ஆகவே பெர்க்கின்ஸ் பின்னர் எலிசபெத் ராயருடன் வகுத்து, 2003இல் ஆர்எப்சி 3561 என்னும் இணைய நெறிமுறை ஆவணமாக வெளியான ஏஓடிவி முறையில், தேவை நேரும்போது மட்டுமே வழி விசாரிக்கப்படும். விசாரணை கணுவுக்குக் கணு பரவும். தன்னிடம் அதைக் கொணர்ந்த கணு எது என்பதை ஒவ்வொரு கணுவும் நினைவில் வைக்கும். அத்தடத்தின் வழியே மறுமொழி திரும்பும். மலை முழுவதும் கூவி ஓய்ந்துபோகாதபடி, முதலில் ஓரிரு கணுத் தொலைவுக்குள் கேட்டுவிட்டு, விடை கிடையாவிடில் வட்டத்தை விரிப்பது சிக்கன உபாயம்.

குறைந்த தாவல்களே (கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் பாய்தல்களே) சிறந்த வழி என்பது ஏலத்தோட்டத்தில் செல்லாத சித்தாந்தம். நிழல்மரங்களின் ஈர இலைகள் வானலைகளை உறிஞ்சுவதால், பள்ளத்தாக்கைத் தாண்டும் ஒரே நெடுந்தாவலில் பொதி பலமுறை தவறி மறுபடி அனுப்பப்படும். மூன்று குறுந்தாவல்கள் அதைவிட மலிவாக முடியலாம். எனவே மறு அனுப்பல்களையும் எண்ணிச் செலவைக் கணிக்கும் அளவையே இங்கு உசிதம்.

இப்பிரதேசத்திற்கு அண்மையான உதாரணம், மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா விசுவ வித்யாபீடம் என்னும் பல்கலைக்கழகம் நிறுவிய நிலச்சரிவு முன்னறிவிப்புப் பிணையம். மண்ணுக்குள் நீரழுத்தத்தையும் சாய்வையும் அளக்கும் கருவிகளின் தரவு கணுக்கள்தோறும் தாவி, கள நிலையத்தை எட்டி, செயற்கைக்கோள் மூலம் அப்பல்கலைக்கழகத்துக்குச் செல்லும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. இக்கணுக்கள் நடமாடுவன அல்ல. ஆயினும் மின்கலம் ஓய்ந்த கணுவைச் சுற்றிப் பொதி வேறு வழி காணவேண்டிய அவசியம் இங்கும் உண்டு.