புகைக்குழாயை எந்தப் பக்கம் திருப்புவது?

போன மாரிக்கு முதல் எங்கட நண்பன் ஒருவனின் சித்தப்பா பழைய லாண்ட் றோவர் ஒன்றை வாங்கினார். மூன்றாம் சீரிஸ், நீளமான வகை, பெற்றோல் எஞ்சின். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு வாங்கு, மேலே படங்கு. அவருடைய வயல் குளத்துக்கு அந்தப் பக்கம். குளம் வான் பாய்ந்தால் பாதையில் தொடையளவு தண்ணீர் ஓடும். வேலைக்கு வருகிற ஆக்களும், சில நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அந்தப் படங்குக்குக் கீழேதான் இருந்து வருவார்கள்.

வாகனத்தின் சைலன்சர் உக்கிக் கொட்டிப்போயிருந்தது. புதுசாகக் குழாய் அடிக்க வவுனியாவில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனபோது நாங்கள் நாலு பேரும் கூடப் போனோம். நாலு பேரும் கலைப்பீடம். ஒருத்தருக்கும் ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. ஆனால் கருத்துச் சொல்ல யாரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கராஜ்கார அண்ணை பழையபடி அச்சுக்கு மேலால் வளைத்துப் பின்னுக்கு விடுவம் என்றார். நண்பன், முன்கண்ணாடிக்குப் பக்கத்தால் மேலே ஏற்றுவம், தண்ணிக்கு நல்லம் என்றான் (உண்மையில் அவனுக்கு அது வடிவாக இருக்கும் என்ற எண்ணம்தான்). சித்தப்பா, எது மலிவோ அதைச் செய்யுங்கோ என்றார். வாக்குவாதம் முடியாமல் தேத்தண்ணி குடிக்கப் போனோம். அதற்குப் பிறகு இரண்டு கிழமையாக நாங்கள் வாசித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897இல் எஞ்சின் சத்தத்தை அடக்கும் பெட்டிக்குக் காப்புரிமை எடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து ஹைரம் பேர்சி மாக்சிம் என்பவர் துப்பாக்கிக்குச் சைலன்சர் செய்தார், 1909இல் காப்புரிமையும் பெற்றார். அதே தத்துவத்தில் மோட்டார் வாகனங்களுக்கும் செய்து விற்றார். இவருடைய தகப்பன்தான் 1884இல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். தகப்பன் உலகத்தின் காதைச் செவிடாக்கினார், மகன் பஞ்சு வைத்தார். துவக்குக்கும் மோட்டச்சைக்கிளுக்கும் எங்கட ஊரில் ஒரே சொல்தான், சைலன்சர்.

சத்தத்தை அடக்குவது ஒரு பிரச்சினை. குழாயை எங்கே கொண்டுபோய் விடுவது என்பது வேறொன்று. நல்ல றோட்டில் ஓடும் காருக்கு அது பெரிய கேள்வியில்லை. கல்லு, சேறு, தண்ணி என்று வந்தால்தான் தலையிடி. குழாய் சட்டத்தின் விளிம்புக்குக் கீழே தொங்கினால் முதல் கல்லிலேயே நசிந்துவிடும். மேலே ஏற்றினால் எரிபொருள் தாங்கி, பிரேக் ஹோஸ், வயர்கள் எல்லாவற்றுக்கும் சூடு போகும். எஞ்சின் ரப்பர் மேல் ஆடுகிறது, சட்டம் முறுகுகிறது, ஆகவே குழாயை இறுக்கிக் கட்டினால் ஏதோ ஒரு யொயின்ற் வெடிக்கும். ரப்பரில் தொங்கவிட வேண்டும். இதையெல்லாம் கராஜ்கார அண்ணை ஐந்து நிமிசத்தில் சொல்லி முடித்தார்.

தண்ணீர்தான் சுவாரசியமான பகுதி. அதற்குப் பதில் தேடிப் போனால் இரண்டாம் உலகப்போருக்குள் போய் விழ வேண்டியிருக்கிறது.

1940இல் இங்கிலாந்தின் மேல் படையெடுக்கத் திட்டமிட்ட ஜேர்மனியர்கள், கடலடியில் ஊர்ந்து கரையேறும் டாங்கிகளைத் தயாரித்தார்கள். காற்று ஒரு நீண்ட ரப்பர் குழாயால் மேலே மிதவையிலிருந்து வரும். புகைக்கு அவர்கள் மேல்நோக்கிக் குழாயே வைக்கவில்லை. வெளியே மட்டும் திறக்கிற ஒருவழி வால்வை வைத்து, புகையை நேரே தண்ணீருக்குள்ளேயே விட்டார்கள். அந்தப் படையெடுப்பு நடக்கவில்லை. ஆனால் 1941 யூன் 22ஆம் திகதி சோவியத் எல்லையில் பூக் ஆற்றை இவற்றில் சில அடியாலேயே கடந்தன.

நேசநாடுகள் எதிர்வழியில் போனார்கள். 1944 யூன் 6ஆம் திகதி நோர்மண்டிக் கரைக்கு வந்த ஷேர்மன் டாங்கிகள் பலவற்றின் பின்பக்கத்தில் தகரத்தால் செய்த இரண்டு பெரிய கூண்டுகள் நிமிர்ந்து நின்றன. ஒன்று காற்று உள்ளே எடுக்க, மற்றது புகை வெளியே விட. ஜீப்புகளுக்கும் லொறிகளுக்கும் காற்றுக்குழாயை உயர்த்தி, மின்பாகங்களை அஸ்பெஸ்ரஸ் நார் கலந்த கிறீசால் பூசி மூடினார்கள். கரையேறினதும் இதையெல்லாம் கழற்றிச் சுரண்டி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறிவிடும். சுடுபட்டுக்கொண்டே கிறீஸ் சுரண்டின ஆக்களை நினைத்துப் பாருங்கோ.

இரண்டு வழியும் வேலை செய்தன என்பதுதான் எங்களுக்குப் பிடித்த இடம். ஒரு மீற்றர் ஆழத் தண்ணீர் கொடுக்கிற அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் பத்தில் ஒரு பங்குதான். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் அதைத் தள்ளிக்கொண்டு புகையை வெளியே விட்டுவிடும். குமிழி குமிழியாக வரும், அவ்வளவுதான். ஆபத்து, நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றுபோனால். அப்போது தண்ணீர் குழாயால் பின்வாங்கி ஏறும். சிவக்கச் சூடேறிய இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிப்பு விழலாம். ஆக, பெற்றோல் எஞ்சினுக்குத் தண்ணீரில் முதல் எதிரி புகைக்குழாயே இல்லை. உள்ளே காற்றெடுக்கும் வாயும், நனைந்தால் உடனே செத்துப்போகும் டிஸ்ரிபியூட்டரும்தான். நண்பனின் வானம் பார்த்த குழாய்க் கனவு இந்த இடத்தில் பாதி உடைந்தது.

போர் முடிந்ததும் இந்த வாகனங்கள் வயலுக்குப் போயின. றோவர் நிறுவனத்தின் மொறிஸ் வில்க்ஸ் வேல்ஸின் அங்கிள்சித் தீவில் இருந்த தன் பண்ணையில் ஒரு போர்க்கால ஜீப்பை வைத்து ஓடினார். அது பழுதானால் பதிலுக்கு என்ன வாங்குவது என்ற கேள்வியில்தான் லாண்ட் றோவர் பிறந்தது. முதல் மாதிரி வாகனம் ஜீப்பின் சட்டத்திலேயே கட்டப்பட்டது. 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரடாம் கண்காட்சியில் உலகத்துக்குக் காட்டினார்கள். சித்தப்பாவின் வாகனத்துக்குப் பூட்டன் அதுதான்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட பேர்குசன் உழவு மெசின்களில் ஒரு வகை, மண்ணெண்ணெயை ஒத்த மலிவு எண்ணெயில் ஓடியது. அந்த எண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் முதலில் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மற்ற எண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெளியே போகிற புகையின் சூடு உள்ளே வருகிற எரிபொருளைச் சூடாக்கும்படி இரண்டு குழாய்களையும் ஒட்ட வைத்திருப்பார்கள். வீணாய்ப் போகிற சூட்டுக்கு ஒரு வேலை.

இதை வாசித்தபோது எங்களில் ஒருத்தி, "இது அப்பா சொல்லுற கதையல்லோ" என்றாள். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. எங்கட பெற்றோர் மண்ணெண்ணெயில்தான் ஏ40களையும் மொறிஸ் மைனர்களையும் மோட்டச்சைக்கிள்களையும் ஓட்டினார்கள். காபரேற்றருக்குள் துளித்துளியாகப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவது, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அதே முறை. பேர்குசன் மெசின் அதற்கென்றே குறைந்த அமுக்க விகிதத்தோடு செய்யப்பட்டது. ஏ40 அப்படியில்லை. அதனால் பிளக் கரிபிடிக்கும், எஞ்சின் தட்டும், பின்னால் வெள்ளைப்புகை. பின்னால் சைக்கிளில் போனவரின் கண் எரியும். எங்கட வீடுகளில் அந்தக் காலத்தின் ஞாபகம் முதலில் மூக்கில்தான் இருக்கிறது. பங்கர், ஷெல் என்று தொடங்கினாலும், கொஞ்சம் கதைத்தால் மண்ணெண்ணெய்ப் புகை மணம் வந்துவிடும்.

ஆனால் மணக்கிற புகை ஆளை எச்சரிக்கும். மணக்காததுதான் கொல்லும்.

பெற்றோல் எரியும்போது உண்டாகிற காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தில் ஈமோகுளோபினோடு ஒட்சிசனை விடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். 1992இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் சியாற்றில் மருத்துவர்கள் இருவர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பிக்கப் வண்டிகளின் பின்பக்கத்தில் பயணம் செய்து காபனோரொட்சைட்டு ஏறின 20 பிள்ளைகள். 17 பேர் மூடின கூட்டுக்குள், 3 பேர் படங்குக்குக் கீழே. 15 பேர் மயங்கினார்கள். ஒரு பிள்ளை இறந்தது, இன்னொன்றுக்கு நரம்பில் நிரந்தரப் பாதிப்பு. எல்லாச் சம்பவங்களிலும், குழாயில் ஏற்கெனவே தெரிந்த ஓட்டை இருந்தது, அல்லது குழாயின் வாய் பக்கவாட்டில் இல்லாமல் பின்பக்கத்தில் திறந்திருந்தது.

காரணம் காற்று. பெட்டி மாதிரியான வாகனம் முன்னால் ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு வெற்றிடம் உண்டாகிச் சுழலும். பின்னால் விடுகிற புகை அந்தச் சுழலுக்குள் சிக்கி, பின்வாசல் வழியாகத் திரும்ப உள்ளே வரும். படங்கைப் பின்னால் சுருட்டிவிட்டு, காத்து வருது என்று நாங்கள் சந்தோசமாக இருப்போமே, அந்தக் காற்றோடு.

இதைப் படித்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் புகைக்குழாயின் வரலாறு என்று எழுதிக்கொண்டு ஒன்றைத் தாண்டிப் போக எங்களால் முடியவில்லை. 1941 டிசெம்பர் 8ஆம் திகதி தொடக்கம், நாசிகள் கைப்பற்றிய போலந்தில் ஹெல்ம்னோ என்ற இடத்தில், மூடிய லொறிகளின் புகைக்குழாயை வேண்டுமென்றே பெட்டிக்குள் திருப்பிவிட்டு மனிதரைக் கொன்றார்கள். அந்த ஓர் இடத்தில் மட்டும் கொல்லப்பட்டவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல், பெரும்பாலும் யூதர்கள். றோமா மக்களும் இருந்தார்கள். 1942 யூன் 5ஆம் திகதி இட்ட ஒரு அலுவலகக் குறிப்பு தப்பியிருக்கிறது. டிசெம்பர் தொடங்கி மூன்று வாகனங்களில் 97,000 என்று அதில் கணக்கு இருக்கிறது, என்ன 97,000 என்ற சொல் இல்லை. மிச்சமெல்லாம் கராஜ் பாசை. பெட்டியின் நீளத்தைக் குறைக்கலாம், குழாய் வாய் அடைபடாமல் மாற்றலாம், விளக்குக்குப் பாதுகாப்புக் கூடு போடலாம், கழுவின தண்ணீர் ஓட வடிகால் வேண்டும். எழுதினவர் வாகனப் பிரிவு உத்தியோகத்தர். ஒரு குழாயின் வளைவைப் பற்றி நாங்கள் தேத்தண்ணிக் கடையில் கதைத்த மாதிரியே அவரும் கதைத்திருக்கிறார். அதற்குப் பிறகு இந்தக் கட்டுரையை எழுதுவதா என்றே எங்களுக்குள் இரண்டு நாள் இழுபட்டது.

பிறகு புகையைச் சுத்தமாக்கும் காலம் வந்தது. அதை வேகமாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் 1970இன் தூய காற்றுச் சட்டம், அதைத் தொடர்ந்து 1975 மாதிரிக் கார்களிலிருந்து பிளாட்டினம் பூசின மாற்றிகள். ஈயம் கலந்த பெற்றோல் அந்த மாற்றிகளைக் கெடுக்கும், அதனால் ஈயம் போகவேண்டியதாயிற்று. இலங்கையில் அது 2002இல்தான் நின்றது. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கியது. ஆனால் அந்தப் பரிசோதனை அளக்கிறது புகையில் என்ன இருக்கிறது என்பதை. படங்குக்குக் கீழே இருக்கிற பிள்ளையின் மூக்குக்கு எவ்வளவு போகிறது என்பது அந்தத் துண்டில் வராது.

இவ்வளவையும் கொண்டு திரும்பக் கராஜுக்குப் போனோம். அண்ணை பொறுமையாகக் கேட்டார். "தம்பியவை, நான் பின்னுக்கு விடச் சொன்னது செலவு குறையவெண்டு. ஆக்கள் ஏத்துறதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார். உண்மைதான். வான் பாய்கிற தண்ணியைப் பற்றி மணித்தியாலக் கணக்கில் கதைத்த நாங்கள், பின்னால் ஆர் இருப்பினம் என்பதை ஒருக்காலும் சொல்லவில்லை.

முடிவு இப்படி. குழாய் சட்டத்துக்கு உட்பக்கமாக, அதன் விளிம்புக்கு மேலால் போய், பின்சில்லைத் தாண்டினதும் வலப்பக்கம் வெளியே திரும்பும். வாய் உடலின் விளிம்பைத் தாண்டி நிற்கும். இடப்பக்கம் விட்டால் றோட்டோரம் நடக்கிறவரின் முகத்துக்கு அடிக்கும். வலப்பக்கத்தில் முந்திப்போகிற மோட்டச்சைக்கிள்காரர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பெரிய விட்டக் குழாய் வேண்டும் என்ற ஆசையை அண்ணை ஒரே சிரிப்பில் முடித்தார். இந்த எஞ்சினுக்கு அது சத்தத்தைத்தான் கூட்டும், இழுவையைக் கூட்டாது. காற்றெடுக்கும் குழாயை உயர்த்தி, டிஸ்ரிபியூட்டருக்கு ரப்பர் உறை போடுவது என்றும் முடிவானது.

வெல்டிங் முடிந்த பின்னேரம் அண்ணை எஞ்சினை ஓடவிட்டு, ஈரச் சாக்கால் குழாய் வாயைப் பொத்திப் பிடித்தார். ஓட்டை எங்கே என்றாலும் அப்போது சீறும். புதுக்குழாய் முழுக்க அமைதி. முன்னுக்கு, எஞ்சினோடு சேருகிற பழைய யொயின்றில் மெல்லிய ஒரு ஸ்ஸ்ஸ். நாங்கள் நாலு பேரும் குனிந்து காது கொடுத்துக் கேட்டோம். அதற்குரிய கஸ்கெற் கொழும்பிலிருந்து வரவேண்டும். வருமட்டும் வாகனத்தைப் படங்கு போடாமல் ஓடச்சொல்லியிருக்கிறார். மழையில் நனைந்துகொண்டுதான் வேலைக்காரர் போய்வருகிறார்கள்.