சிறுவர் சிரிப்பும் நாகரிக வரலாறும்

மலசலத்தைக் குறிக்கும் சொல்லொன்று காதில் விழுந்ததும் ஐந்து வயதுச் சிறுவர் விழுந்து விழுந்து சிரிக்கின்றனர். இச்சிரிப்புக்கும் வரலாறு உண்டு. 1530 இல் எராஸ்மஸ் சிறுவர்க்கென இலத்தீனில் எழுதிய ஒழுக்கநூல், வயிற்றுக்காற்றை அடக்குவதன் தீமையையும், அதன் ஓசையை இருமலால் மறைக்கும் வழியையும் கூச்சமின்றிப் பேசிற்று. பின்னர் அத்தகைய பேச்சே மேலோர் அவையினின்று விலக்கப்பட்டது. நாசிகளின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய சமூகவியலாளர் நோர்பேர்ட் எலியாஸ் 1939 இல் வெளியிட்ட நூலில் இம்மாற்றத்தை விளக்கினார்: அரசவையினர் தம்மை உயர்த்திக்காட்ட வளர்த்த நாணம், படிப்படியாக ஏனைய வர்க்கங்களுக்கும் பரவியது. சமுதாயம் நூற்றாண்டுகளாகக் கற்றதைக் குழந்தை சில ஆண்டுகளில் கற்கவேண்டியுள்ளது. நேற்றுப் பழகிய விலக்கை இன்று சொல்லளவில் மீறும்போது சிரிப்புப் பிறக்கிறது. பிரம்பெடுக்கும் ஆசிரியர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்: விலக்கை அறியாத குழந்தை சிரிப்பதில்லை, சிரிக்கும் குழந்தையோ பாடத்தை ஏற்கெனவே கற்றுவிட்டது.